சத்தம் நின்றால் இழுக்கணும்

அந்த அம்மாவை நினைத்தால் ஒரு சினிமாக் கொட்டகையின் பக்கவாட்டுக் கதவுதான் முதலில் கண்ணுக்கு முன்னால் வருகிறது. எண்பதுகளின் தொடக்கம். நானும் என் வீட்டுக்காரியும் மதுரையில் ஒரு மேட்னி ஷோவுக்குப் போயிருந்தோம். விளக்கு அணைவதற்குச் சற்று முன்னால், முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து போய் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. டிக்கெட் இல்லாத ஆட்கள் நுழைந்துவிடுகிறார்கள் என்று வெளியே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அவர் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. மேனேஜர் வரும்வரை கதவோரமாகவே நின்றார்.

"இதைத் திறந்து வைங்க."

"படம் முடிஞ்சதும் திறப்போம்மா. போய் உக்காருங்க."

"எனக்குப் பயமா இருக்கு. திறங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பசிக்கிறது, தண்ணீர் வேண்டும் என்பதுபோலச் சொன்னார். பின்னாலிருந்து விசிலடித்தார்கள். படம் ஓட ஆரம்பித்தும் அவர் அசையவில்லை. கடைசியில் மேனேஜர் ஆள் விட்டுச் சங்கிலியைக் கழற்ற வைத்தார்.

"யாருங்க அது, இம்புட்டுப் பயப்படுது?" என்றாள் என் மனைவி.

"எங்க ஸ்டேஷனுக்கு வர்ற டீச்சரம்மா" என்றேன். அன்று என்ன படம் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. படம் முடியும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடன் பழகினால் அப்படித்தான் ஆகும்.

நான் அப்போது தீயணைப்பு நிலையத்தில் ஃபயர்மேன். அவர் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன் வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். வீடளவு பெரிய பலூன்களில் கருவிகளைக் கட்டி வானத்துக்கு அனுப்புகிற இடம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மதுரைக்கே திரும்பிவிட்டார். மெலிந்த உடம்பு. எப்போதும் பருத்திச் சேலைதான்; அதன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருப்பார். எந்த அறைக்குள் வந்தாலும் வாசலுக்கு அருகில் இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவார். மூடிய கதவென்றால் கைப்பிடியை முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். 'பயம் மிஸ்' என்று மாணவிகள் வைத்த பெயர் எங்கள் நிலையம்வரை வந்திருந்தது.

அவர் எங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் முத்திருளாண்டியின் சாவு.

கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி எரிந்தது. மிளகாய் வத்தல் எரிகிற புகையில் நின்றவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். கண் திறக்காது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் நெருப்புக் கங்கை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனோம். அன்று எங்களிடம் இருந்த பாதுகாப்பு அதுதான். நானும் முத்திருளாண்டியும் ஒரே ஹோஸைப் பிடித்துக்கொண்டு போனோம். கூரைத் தகரம் சரிந்ததும் எல்லாரும் வெளியே ஓடி வந்தோம். வெளியே வந்த பிறகுதான் முத்திருளாண்டி இல்லை என்று தெரிந்தது. வண்டியில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினோம். உள்ளே போய்த் தடவினோம். புகை அடங்கிய பிறகு பார்த்தால், வாசலுக்குப் பக்கத்திலேயே, சரிந்த மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தான். நான் தேடிக்கொண்டு போனபோது அவனைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

அந்தச் சந்தில்தான் அந்த அம்மாவின் வீடு. மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

காரியம் முடிந்த மறுநாள் நிலையத்துக்கு வந்தார். ஆபீசர் அறையில் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் கத்தியிருப்பாரா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலம்மா. கத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது."

"கத்த முடியாம இருந்திருந்தா?"

பிறகு பலூன் கதையைச் சொன்னார். மேலே போன கருவி, பலூன் வெடித்ததும் எங்கோ காட்டிலோ கம்மாயிலோ விழும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அதற்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். ஆடிக்கொண்டிருக்கும்வரை அது சும்மா இருக்கும். விழுந்து அசைவில்லாமல் கிடந்தால் கத்த ஆரம்பிக்கும்.

"அதை மனுசனுக்குக் கட்டலாம்னு தோணுது" என்றார். "செஞ்சு பாக்குறேன். எனக்கு அன்னைக்கிலருந்து தூக்கமில்ல."

செய்து கொண்டும் வந்தார். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. உள்ளே கண்ணாடிக் குழாயில் பாதரசம், ஒரு பேட்டரி, ஒரு சின்ன ஹாரன். இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அலறும். டீக் குடிக்க நின்றால் அலறியது. ஆபீசருக்கு சல்யூட் வைத்து நின்றால் அலறியது. பயல்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே இடுப்பை ஆட்டப் பழகினார்கள். எங்கள் டிரைவர் சிக்கந்தர்தான் கிணற்று வேலைகளுக்கும் இறங்குகிறவன், பயம் தெரியாதவன். அவன் அந்த அம்மா முன்னாலேயே ஆடிக் காட்டுவான். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு, "பேட்டரி தீர்ந்து போயிருந்தா என்ன செய்வீங்க?" என்பார்.

எதைக் காட்டினாலும் அவர் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். இது வேலை செய்யவில்லை என்றால்? கயிற்றைக் காட்டினால், இது அறுந்தால்? ஏணியைக் காட்டினால், இது வழுக்கினால்? தினமும் தீக்குள் போகிறவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று வயதில் மூத்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கும் எரிச்சலாக வரும். ஆனால் வீட்டுக்குப் போனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை முகர்ந்து பார்ப்பேன். ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் தூங்குகிற இடத்தை வாசல் பக்கமாக மாற்றினேன். "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று என் மனைவி கேட்டாள். அதுவரைக்கும் எனக்குள்ளே பயம் இல்லாமல் இல்லை. அதை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே உட்கார வைத்துவிட்டார்.

பெட்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். நிலையத்துக்குப் பின்னால் ஒரு காலி ஸ்டோர் ரூம் இருந்தது. டிரம்மில் ஈர வைக்கோலைப் போட்டுப் புகை மூட்டினோம். உள்ளே பெட்டியோடு ஓர் ஆள் படுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பம்பை ஓடவிட்டு, சத்தத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். சிக்கந்தர் சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

"நீங்க வேண்டாம். நான் படுக்குறேன்" என்றார் அந்த அம்மா.

ஆபீசர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏதாவது ஆயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"உங்க ஆளுக பயமில்லாம படுப்பாங்க சார். தேடி வர்றவங்களுக்கும், உள்ள கிடக்குறது நம்ம சிக்கந்தர்தானேன்னு ஒரு தைரியம் இருக்கும். நான் படுத்தா அப்படி இருக்காது."

உதடு வெளுத்துப்போயிருந்தது. மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினோம். பெட்டி அலற ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேர் உள்ளே போனோம்.

சத்தம் எங்கும் இருந்தது. அதுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. சுவரில் பட்டு, கூரையில் பட்டு, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. இடது பக்கம் என்று போனால் சுவர் வந்தது. திரும்பினால் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. எவ்வளவு சின்ன அறை அது. தினமும் புழங்குகிற அறைதான். எனக்கு வத்தல் கிட்டங்கி ஞாபகம் வந்து கால் நகர மறுத்தது. கடைசியில் சிக்கந்தரின் கால் அவர் மேல் இடறியது. அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

வெளியே தூக்கி வந்து போட்டதும் வெகுநேரம் இருமினார். கண்ணில் நீர் வழிந்தது. அழுதாரா, புகையா, தெரியாது. நாங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "நீங்க என்னைத் தாண்டிப் போனீங்க. உங்க கால் என் கையில பட்டுச்சு, தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒரே நீளமாக் கத்துனா இடம் புரியாது போல. விட்டு விட்டுக் கத்தணும். கொக்குக் கொக்குன்னு கோழி கத்துற மாதிரி."

அடுத்த பெட்டி விட்டு விட்டுத்தான் கத்தியது. கண்டுபிடிக்கவும் முடிந்தது. மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். பெட்டிகள் எங்கள் நிலையத்தோடு நின்றன.

ஆனால் கிணறு என்று வந்தால் அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது என்றார். கயிற்றில் தொங்குகிறவன் மயங்கினாலும் கயிறு ஆடிக்கொண்டிருக்கும். பெட்டி அவன் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கிணற்றுக்கு அவர் வேறொன்று செய்தார். அதுவும் பலூனிலிருந்து வந்ததுதான். மேலே போகிற கருவி போகும்வரை 'டிக் டிக்' என்று கீழே செய்தி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். கீழே ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். டிக் நின்றுவிட்டால் ஏதோ கோளாறு.

இறங்குகிறவன் கையில் ஸ்விட்ச் வைத்த ஒரு சின்ன மரக்கட்டை. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, கயிற்றோடு ஓடுகிற ஒயர் வழியாக மேலே ஹெட்போனில் டிக் டிக் என்று கேட்கும். இரண்டு கையும் வேண்டும் என்றால் கட்டையைப் பல்லில் கடித்துக்கொள்ளலாம். பிடி தளர்ந்தால் சத்தம் நின்றுவிடும். ஒயர் அறுந்தாலும் நிற்கும், பேட்டரி தீர்ந்தாலும் நிற்கும். அவருடைய எல்லாக் கேள்விக்கும் அதில் ஒரே பதில் இருந்தது.

"சத்தம் நின்னா இழுக்கணும். ஏன் நின்னுச்சுன்னு யோசிக்கக் கூடாது. கேக்குறவருக்கு வேற எந்த வேலையும் இருக்கக் கூடாது" என்றார். கேட்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். "ஏன் நானு?" என்றேன். "உங்களுக்குப் பயம் இருக்கு" என்றார்.

அந்தக் கோடையில் திருவாதவூரிலிருந்து அழைப்பு வந்தது. நட்ட நடுப்பகல். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டதால் ஆயில் எஞ்சினை உள்ளேயே ஒரு திட்டில் இறக்கி வைத்து ஓட்டியிருக்கிறார்கள். புகை கிணற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. எஞ்சின் ஏன் நின்றுபோனது என்று பார்க்க நிலத்துக்காரர் இறங்கினார், மேலே வரவில்லை. பக்கத்து வயல்காரர் புத்திசாலித்தனமாக முதலில் ஓர் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்த்திருக்கிறார். விளக்கு அணையாமல் நன்றாக எரிந்தது. காற்று நல்ல காற்றுதான் என்று நம்பி இறங்கினார். அவரும் வரவில்லை. எஞ்சின் புகையில் விளக்கு எரியும், மனிதன்தான் விழுவான் என்று அந்த அம்மா எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஊருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

நாங்கள் போனபோது அந்த விளக்கு கீழே இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் இரண்டு பேர் கிடப்பது தெரிந்தது.

எங்களிடம் இருந்த ஒரே மூச்சுக் கருவியின் சிலிண்டர் நிரப்பப் போயிருந்தது. கிணற்றுக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் காற்றைக் கலக்கினோம். சிக்கந்தர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நான் கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன். ஊரே சுற்றி நின்று அழுதது. எனக்கு டிக் டிக் மட்டும்தான். அது என் நெஞ்சுத்துடிப்பா, அவன் பிடியா என்று அடிக்கடி குழம்பியது.

பக்கத்து வயல்காரரை இன்னொரு கயிற்றில் கட்டி மேலே ஏற்றினான். அவருக்கு மூச்சு இருந்தது. சிக்கந்தரும் மேலே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

"முடியுமாப்பா?" என்றார் ஆபீசர்.

"இன்னொருத்தர் கிடக்காரு சார். போறேன்."

இறங்கினான். டிக் டிக். டிக் டிக். அவன் அடியில் கால் ஊன்றிவிட்டான் என்று கயிறு பிடித்தவர்கள் சொன்னார்கள். டிக் டிக்.

நின்றது.

"இழுங்க" என்றேன்.

"கட்டுறான் போல இருக்கே. கொஞ்சம் பொறு" என்றார் ஆபீசர், எட்டிப் பார்த்தபடி.

"இழுங்க சார். நின்னுருச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார். இழுத்தார்கள்.

சிக்கந்தர் தன் காலிலேயே மேலே வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "எதுக்குடா மாப்ள இழுத்த? ஆளு கைக்கு வந்துட்டாருடா. அக்குள்ல கயிறு போட்டுட்டேன். இன்னும் ஒரு முடிச்சு" என்று என் சட்டையைப் பிடித்தான்.

"சத்தம் நின்னுச்சு."

"எங்க நின்னுச்சு? கட்டையைப் பல்லுலதான கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

கட்டை அவன் முழங்காலுக்குக் கீழே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வாயில் ஒன்றுமில்லை. அதைக் குனிந்து பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். அப்படியே முழங்கால் மடங்கி என் மேல் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். நிலத்துக்காரரை அதன் பிறகு கொக்கி போட்டுத்தான் எடுக்க முடிந்தது. உயிர் இல்லை. அவருடைய தம்பி செல்லையா என் முன்னால் வந்து நின்று, மெதுவாகக் கேட்டான்: "இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா எங்கண்ணனையும் தூக்கியிருப்பாருல்ல?"

நான் மதுரை திரும்பி அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னைய அங்க கூட்டிப் போங்க" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து போனோம். இறந்தவரின் மனைவி பாண்டியம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். செல்லையா அதே கேள்வியை அந்த அம்மாவிடமும் கேட்டான்.

"தூக்கியிருக்கலாம்" என்றார் அவர். "இல்ல, ரெண்டு பேருமே உள்ள கிடந்திருக்கலாம். எனக்குத் தெரியலப்பா. மேல நிக்கிறவங்க யாருக்குமே தெரியாது. அதுனாலதான் இழுக்கச் சொன்னேன்."

பிறகு அவர் கேட்டார்: "அந்த எஞ்சின் எங்க?"

"கிணத்துலதான் இருக்கு. நாளைக்கு ஓட்டணும்" என்றான் செல்லையா.

"ஓட்டணுமா?"

"கத்தரிச் செடி காயுதும்மா. இது ஒண்ணுதான் மிச்சம்."

அவருக்கு அப்போது வந்த பயத்தை நான் புகை அறையில்கூடப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்து, காய்ந்து கிடந்த பாத்திகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எஞ்சினை மேலே ஏற்றி வைத்தால் அந்த ஆழத்துத் தண்ணீரை இழுக்காது. மறுநாள் ஓட்ட வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள் என்று மட்டும் கெஞ்சி வாங்கினார். நானும் அவரும் மதுரையில் பழைய இரும்புக் கடையில் நீளக் குழாய்கள் வாங்கி, வண்டி பிடித்துக் கொண்டுபோய், எஞ்சினின் புகைவாயிலிருந்து கிணற்றுக்கு வெளியே வரைக்கும் பொருத்தினோம். புகை மேலே வந்தது. என்றாலும் எஞ்சினை ஓட்டவும் நிறுத்தவும் யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும். கட்டையையும் ஹெட்போனையும் அங்கேயே விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"இதை யாரு கேப்பா?" என்றார்.

ஆம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் வயலில் வேலை இருந்தது. உள்ளேயிருந்து பாண்டியம்மா வந்தாள்.

"எங்கிட்டக் குடுங்க. நான் கேக்குறேன்."

"நின்னுச்சுன்னா யோசிக்கக் கூடாது, தாயி."

"யோசிக்க மாட்டேன்" என்றாள் அவள்.

சில மாதங்கள் கழித்து பேட்டரி மாற்றிக் கொடுப்பதற்காக நாங்கள் மறுபடி போனோம். வரப்பிலிருந்தே தெரிந்தது. கிணற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்து, சேலைத் தலைப்புக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாண்டியம்மா உட்கார்ந்திருந்தாள். இடது கையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தாள். கயிற்றின் மறுபக்கம் இரண்டு காளைகள் நுகத்தில் பூட்டித் தயாராக நின்றன. அவற்றின் பக்கத்தில் ஒரு கிழவர் சாட்டையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை தூக்கி, "ஆத்தா" என்று கூப்பிடப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கூப்பிடாதீங்க தம்பி."

செல்லையா கிணற்றுக்குள் இருந்தான். அவன் தலை வெளியே தெரியும்வரைக்கும் நாங்கள் இருவரும் அந்த வெயிலில், வரப்பிலேயே, பேசாமல் நின்றுகொண்டிருந்தோம்.